எருக்கம்பால் பட்ட கண்

குறை கண்டுபிடிப்பது என் வேலை. குணமும் அதுதான் என்பார் என் கணவர். கைலாசபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் குடியிருப்பை ஒட்டிய தொழிற்சாலையில், கனமான இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து இணைக்கிறார்கள். இணைத்த இடத்தை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை இருட்டறையில் விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, லென்ஸைப் பிடித்துக்கொண்டு, உள்ளே விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். கடுகில் கால்வாசி இருக்கும் ஒரு கரும்புள்ளி போதும், அந்த இணைப்பை நிராகரித்துவிடுவேன். வெல்டர் அதைத் தோண்டியெடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு, அதனால் அங்கே என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் குறைவு.

இந்தக் கண்ணை எருக்கிலை பறிக்கும் வேலைக்கும் அனுப்பியவர் என் மாமியார். ஸ்ரீரங்கத்தில் தனியாக ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறார். தை அமாவாசை கழிந்து ஏழாம் நாள் ரத சப்தமி. ஏழு எருக்கிலைகளைத் தலை, தோள், முழங்கால், பாதம் என்று வைத்துக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். சூரியனுக்கு உகந்த நாள், கண்ணுக்கு நல்லது என்பது அத்தையின் கட்சி. ஸ்ரீரங்கத்தில் இப்போது எருக்கு முளைக்கக்கூட இடமில்லாமல் கட்டிவிட்டார்கள். எங்கள் குடியிருப்பு வேலியோரம் முழுக்க எருக்குதான். முதல் வருடம் அத்தைக்கு மட்டும் கொண்டுபோனேன். அடுத்த வருடம் எதிர்வீட்டுக்கு. அப்புறம் அந்தக் கட்டடமே என்னிடம் ஆர்டர் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

"இந்தத் தடவை பத்தொம்பது பேரும்மா. நூத்தி முப்பத்து மூணு இலை. கிழிசல் இல்லாம பாத்துப் பறி" என்று அத்தை போனில் சொன்னார்.

இலையிலுமா எனக்கு இன்ஸ்பெக்ஷன் என்று அலுத்துக்கொண்டாலும், அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஓட்டை விழுந்தது, ஓரம் காய்ந்தது, வரிவரியாய்ப் புழு உட்கார்ந்திருப்பது, மூன்றும் ரிஜெக்ட். மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாய்ச் சட்டை போட்ட அந்தப் புழு எருக்கைத் தின்றே வளர்ந்து பட்டாம்பூச்சியாகிறது. இலையின் விஷப் பாலைக் குடித்தும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

அந்த வருடம் ரத சப்தமி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் வேலியோரம் நின்று பறித்துக்கொண்டிருந்தபோது என் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் அமெரிக்காவில், மரமே கண்ணில் படாத ஒரு சமவெளி ஊரில் வேலை பார்க்கிறாள். அங்கே அப்போதுதான் விடிகிறது.

"எங்கம்மா நிக்கிற, புதருக்குள்ள?"

"உங்க பாட்டிக்கு எருக்கிலை."

"ஐயோ, நான் சொல்ல வந்ததே அதுதான். என் ஆரஞ்சுப் பூ இருக்குல்ல, அது எருக்குக்குச் சொந்தமாம்."

அந்த ஆரஞ்சுப் பூச்செடியைப் பற்றிப் போன கோடை முழுக்கப் பேசியிருந்தாள். புல்வெளிகளில் தானாய் முளைத்து, வருடா வருடம் தழைக்கிற காட்டுப்பூவாம். யாரோ நாற்று விற்றார்கள் என்று வாங்கிவந்து, வாடகை வீட்டின் பின்பக்கம் நட்டிருந்தாள். கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதை வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டே இருப்பாள். இப்போது போனைத் திருப்பிக் காட்டினாள். வெறும் பனி. நடுவில் ஒரு குச்சி.

"மேல எல்லாம் செத்துடுச்சு. வேர் மட்டும் கீழ இருக்கு. இடம் மறந்துடக் கூடாதுன்னு குச்சி நட்டு வச்சிருக்கேன். திரும்ப வருமாம்மா?"

"வரும். வேர் இருந்தா வரும்."

"இதுல இன்னொண்ணு, இத உடைச்சா பால் வராது. சொந்தக்காரச் செடிங்க எல்லாம் பால் விடுமாம், இது மட்டும் விடாதாம். எருக்குல எப்படி வரும்னே எனக்கு மறந்துபோச்சு. ஒண்ணு உடைச்சுக் காட்டேன்."

எனக்குக் கிட்டப்பார்வை. போனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவேன். அப்படித்தான் ஏற்றியிருந்தேன். இளங்குருத்து ஒன்றைப் போனுக்கு எதிரே, முகத்துக்கு நேராகப் பிடித்து உடைத்தேன். வெள்ளையாய்ச் சொட்டியது. அவள் அங்கே "அம்மாடி" என்றாள். இடது கண்ணோரம் ஏதோ தெறித்தாற்போல் இருந்தது. புறங்கையால் தேய்த்தேன். அந்தப் புறங்கையில்தான் ஒரு மணி நேரமாய்ப் பால் வழிந்து பிசுபிசுத்துக் கிடந்தது.

சின்ன வயதில் எருக்குப் பக்கம் போனாலே "கண்ணுல படாம பாத்துக்கோ" என்று சொல்லாத ஆள் கிடையாது. என் மகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். சுரீரென்று எரிந்தது. தெருக்குழாயில் இரண்டு கை தண்ணீர் அடித்துக் கழுவினேன். எரிச்சல் அடங்கியது. அடங்கிவிட்டதே என்று விட்டதுதான் தப்பு.

மறுநாள் காலை அத்தையின் ஃப்ளாட்டில், தலையில் இலையோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது, பாத்ரூம் பல்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. வெந்நீர் ஆவி என்று நினைத்தேன். வலி இல்லை, உறுத்தலும் இல்லை. அத்தை கிழக்குப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "உன் கண்ணுக்குத்தான் முதல்ல வேண்டிக்கிட்டேன். கண்ணால சம்பாதிக்கிறவ நீ" என்றார். நான் சர்க்கரைப்பொங்கல் சாப்பிட்டேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தின் மேல், பின்சீட்டில் உட்கார்ந்தபடி, சும்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இடதை மூடினால் மலைக்கோட்டை படிக்கட்டுக் கோடுகளோடு தெளிவாக நின்றது. வலதை மூடினேன். மலைக்கோட்டையைக் காணோம். வெள்ளைத்துணி போட்டு மூடினாற்போல் ஒரு பொட்டலம் மட்டும் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன். பாலம் முடிவதற்குள் பத்துத் தடவை பார்த்திருப்பேன்.

"என்ன, பின்னாடி ஆடிக்கிட்டே வர?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க. தூசி."

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் எனக்கு வருடாந்தரக் கண் பரிசோதனை. எங்கள் பிரிவில் இரண்டு கண்ணும் தேறினால்தான் ஃபிலிம் பார்க்க விடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பலகையின் கடைசி வரியைத் தடங்கலின்றிப் படித்துவிட்டு எழுந்து வந்தவள் நான். கண் போனால் எனக்கு என்ன மிச்சம்? ஏதோ ஒரு மூலையில் மேஜை போட்டு ஃபைல் தள்ளச் சொல்வார்கள். சொல்லாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று ஒரு முட்டாள்தனம். அன்று முழுக்க ஓர் இடத்தில் உட்காரவில்லை. காலண்டர் முன்னால் நின்று கண்ணை மாற்றி மாற்றி மூடுவேன். சமையலறைக்குப் போய் மசாலா டப்பா லேபிளைப் படிப்பேன். வாசலுக்கு வந்து எதிர்வீட்டு கேட் கம்பியை எண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெளிந்துவிட்டதாகத் தோன்றும், அடுத்த தடவை தோன்றாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

இதை எழுதாமல் தாண்டிவிட ஆசைதான். இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணியில் வலது கண்ணில் நீர் கட்டிவிட்டது. இடது கண் தன் பனிமூட்டத்தைக் கொண்டுவந்து படத்தின் மேல் போர்த்தியது. நிழல் எது, புள்ளி எது என்று பிரியவில்லை. கல்யாணமாகி ஒரு மாதமான ஒரு பெண் எனக்கு ஜூனியர். தலைவலி என்று அவள் ஒருநாள் சொன்னபோது, "கண்ணு சரியில்லன்னா ஃபிலிமைத் தொடாத. வீட்டுக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நான். இந்தத் திங்கட்கிழமை அவள் இருட்டறையில் பக்கத்து மேஜையில்தான் இருந்தாள். பதினொரு ஃபிலிம் பார்த்தேன். ஒன்பதுக்குச் சரி. இரண்டில் ஏதோ கறுப்பாய் ஓடியது, சந்தேகமாக இருந்தது, நிராகரித்தேன். பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் சாம்பாருக்கு இரண்டாவது தடவை உப்புப் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் கணவர் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "காலைல டாக்டர்கிட்ட போலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தில்லைநகரில் ஒரு கண் டாக்டர். கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தவர், "எருக்கம்பாலா?" என்றார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"எப்படிங்க டாக்டர்?"

"ரத சப்தமிக்கு மறுநாளே ஒருத்தர் வந்துட்டுப் போயிட்டார். வலி இல்லாம பார்வை மட்டும் மங்கும். வலி இல்லாததுதான் இதுல மோசம். யாரும் உடனே வர்றதில்லை. கருவிழி உள்பக்கம் வீங்கியிருக்கு."

"சரியாயிடுமா?"

"பெரும்பாலும் ஆகும்."

"ஆகும்னு சொல்லுங்க."

"சொட்டு மருந்து போடுங்க. ரெண்டு மூணு வாரம் பாப்போம்" என்றார். எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

இரண்டு மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. வீட்டிலேயே படுத்திருக்கச் சொன்னார்கள். எங்கே படுப்பது? கண்ணை மூடினால் அந்தப் பதினொரு ஃபிலிம்தான் வரிசையாக ஓடியது. சரி என்று விட்ட ஒன்பதில் ஒரு விரிசல் இருந்தால்? கொதிக்கிற நீராவி ஓடப்போகிற குழாய் அது. அதன் பக்கத்தில் எந்த ஊரிலோ, யார் வீட்டு ஆளோ நின்று வேலை பார்ப்பார். புதன்கிழமை காலை எழுந்து, கறுப்புக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெல்டிங் ஷாப்புக்கு நடந்தேன்.

நான் நிராகரித்த இரண்டில் ஒன்று, என் வயதே இருக்கும் ஒரு வெல்டருடையது. பதினைந்து வருடமாக அவர் இணைப்புகளை நான் பார்த்துவருகிறேன். தொட்டியத்திலிருந்து தினம் வந்துபோகிறவர். வீட்டில் வாழைத்தார் வெட்டினால் ஷாப்பில் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு பழம் கொடுப்பார். எனக்கு மட்டும் கொடுத்ததில்லை. நான் போனபோது கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். குழாயின் இணைப்பு ஆழமாகத் தோண்டப்பட்டிருந்தது.

"உள்ள என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லைங்க மேடம்."

"ஒண்ணுமேவா?"

"நீங்க குறிச்ச இடத்துல தோண்டினேன், சுத்தமா இருந்துச்சு. ஆனா நீங்க சொன்னா இருக்கும். அதான் இன்னும் ரெண்டு மில்லிமீட்டர் ஆழம் போயிப் பாத்தேன். அப்பவும் இல்லை. இப்ப அளவுக்கு மேல போயிட்டேன்னு தனியா பர்மிஷன் வாங்கணுமாம். திட்டு வாங்கிட்டு உக்காந்திருக்கேன்."

நீங்க சொன்னா இருக்கும். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பழம்கூடக் கொடுக்காத மனிதர், தன் கைவேலையை நம்பாமல் என் கண்ணை நம்பியிருக்கிறார். கறுப்புக்கண்ணாடியைக் கழற்றினேன். எருக்கிலை பறித்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னேன். சுற்றி நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குழாயில் தோண்டிய பள்ளத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அங்கிருந்து நேராக மேலதிகாரி அறைக்குப் போனேன். திங்கட்கிழமை பார்த்த பதினொன்றையும் வேறொருவரை வைத்துப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "இத வாயால சொல்லியிருந்தாப் போதுமே" என்றார். "போதாதுங்க சார்" என்றேன். ஜூனியர் பெண்தான் பார்த்தாள். ஒன்பதும் சரியாகவே இருந்தன. நிராகரித்த இரண்டிலும் குறை எதுவும் இல்லை. இரண்டாவதை இன்னும் யாரும் தோண்டியிருக்கவில்லை, அதுவரை பிழைத்தது. கண் தேறும்வரை நான் இருட்டறைக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. அது நியாயம்.

அந்த மூன்று வாரம் என்னோடு இருந்த என் கணவருக்குத்தான் கோயில் கட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குப் போய்க் கண்ணை மூடிப் பார்ப்பேன். சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்துவிட்டு, அது அடிப்பதற்குள் நாலு தடவை மணி பார்ப்பேன். ஒருநாள் அவர் என்னை முக்கொம்பு அணைக்கு அழைத்துப் போனார், கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று. அங்கேயும் மதகுகளை ஒரு கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தையிடம் சொல்லவில்லை. என் கண்ணுக்கு வேண்டிக்கொண்ட மறுநிமிடம் இப்படி என்றால் அவர் தாங்கமாட்டார். மகளிடமும் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டால் ஆடியோ மட்டும் பேசுவேன். அவளுக்கு அவள் கவலை.

"பனி கொஞ்சம் உருகிடுச்சும்மா. குச்சிகிட்ட ஒண்ணும் காணோம்."

"மார்ச் கூடப் பொறக்கலையே. பொறுமையா இரு" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு ஓடுவேன்.

பதினேழாம் நாள் காலை எதிர்வீட்டு கேட் கம்பிகளுக்கு நடுவே ஒரு சிலந்திவலை தெரிந்தது. வலது கண்ணை மூடியிருந்தேன். அதை நம்ப எனக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. டாக்டர் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அதிர்ஷ்டம். இனிமே இலையைக் கடையில வாங்குங்க" என்றார். கண் பரிசோதனையைத் தள்ளிவைத்திருந்தார்கள். கடைசி வரியைப் படித்தேன். மறுபடி படிக்கட்டுமா என்று நானே கேட்டு இன்னொரு தடவையும் படித்தேன்.

வேலைக்குத் திரும்பிய வாரம் என் மேஜைக்கு வந்த ஃபிலிம்களில் ஒன்று தொட்டியத்துக்காரருடைய அந்த இணைப்பு. பர்மிஷன் வர அத்தனை நாள் இழுத்து, இப்போதுதான் மறுபடி ஒட்டியிருந்தார். வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன், ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தேன். நடுவில் மூன்று குமிழ்கள், ஊசியால் குத்தினாற்போல் தெளிவாக, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இந்தத் தடவை நிஜமான குறை.

பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். நன்றாக இருந்த ஒன்றைத் தோண்ட வைத்தவள் நான். தோண்டாமல் இருந்திருந்தால் இந்தக் குமிழே வந்திருக்காது. இப்போது நானே இதையும் நிராகரிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஜூனியர் பெண்ணை அனுப்பி அவரை வரச் சொன்னேன். எந்த வெல்டரையும் இருட்டறைக்குள் நான் அதுவரை விட்டதில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே பாருங்க. இருக்கா இல்லையான்னு சொல்லுங்க."

வெகுநேரம் குனிந்து பார்த்தார். விளக்குப் பெட்டியின் வெளிச்சத்தில் அவர் முகத்தில் பழைய தீப்புள்ளிகள் தெரிந்தன. நான் நின்றுகொண்டே இருந்தேன். லென்ஸைப் பத்திரமாக மேஜையில் வைத்தார்.

"இருக்குங்க மேடம். மூணு இருக்கு. அன்னிக்கு ஒட்டும்போது ஃபேன் காத்து அடிச்சுது, அடிச்சா குமிழ் விழும்னு தெரிஞ்சும் நிறுத்தாம செஞ்சுட்டேன்."

"நான் முதல்ல வெட்டச் சொன்னதாலதானே..."

"அது உங்களோடதுங்க" என்றார். "இது என்னோடது. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. கையெழுத்துப் போடுங்க, நான் போயி தோண்டணும்."

போட்டேன். அவர் மூன்றாவது முறை ஒட்டியதில் குறை இல்லை. அதற்காக எனக்கு வாழைப்பழம் வந்துவிடவில்லை.

மே மாதம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், என் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மற்றச் செடியெல்லாம் எப்போதோ தழைத்துவிட்டதாம், இது மட்டும் வரவே இல்லையாம். செத்துவிட்டது என்று அன்று காலையில் குச்சியைப் பிடுங்கிவிடப் போயிருக்கிறாள். குச்சிக்கு ஒரு விரல் தள்ளி, தடித்த பச்சைக் குருத்து இரண்டு மண்ணை முட்டிக்கொண்டு நின்றன.

"வந்துடுச்சும்மா" என்றாள். "இத உடைச்சா பால் வராதுன்னு சொன்னேன்ல. உடைச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். நான் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்கிறது. "ஏம்மா, என்ன ஆச்சு?" என்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போனைக் கிட்டே வைத்து, அந்தச் சனிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவள் முகம் மாறிவிட்டது.

"நான்தானேம்மா உடைச்சுக் காட்டச் சொன்னேன்."

"சொன்னே. அது உன்னோடது. கண்ணைத் தேய்ச்சதும், சொல்லாம மறைச்சதும் என்னோடது" என்றேன். "ரெண்டையும் ஒண்ணாக்காத. போயி அதுக்குத் தண்ணி ஊத்து."